கை இருக்கிறது, வேலை செய்யவில்லை



இந்த மாதம் கையைப் பற்றி எழுதுகிறேன். முழுக் கையும் அல்ல, மணிக்கட்டும் விரல்களும் மட்டும்.

இறத்தோட்டை, உக்குவெல, எல்கடுவைப் பக்கங்களில் நடந்த மகளிர் கூட்டங்களிலும், உங்கள் கடிதங்களிலும் ஒரே முறைப்பாட்டைப் பல தடவை கேட்டுவிட்டேன். யுத்தத்தில் கையையே இழந்தவருக்கு, அலுவலகத்தில் கொஞ்சமாவது இரக்கம் கிடைக்கிறது. கை உடம்போடு ஒட்டியிருந்து, ஆனால் பிடிக்கவோ மடக்கவோ முடியாதவருக்கு அதுவும் கிடைப்பதில்லை. "கை இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் வாசகிகளில் வன்னியில் ஷெல் பட்டவர்கள் இருக்கிறார்கள். படையில் சேர்ந்து கை ஊனமாகி வீடு வந்தவரின் மனைவியும் தாயும் இருக்கிறார்கள். தடுப்பு முகாமிலும் புனர்வாழ்விலும் இருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அரசியல் எதுவானாலும் மடங்காத மணிக்கட்டு எல்லோருக்கும் ஒரே வலிதான். மருத்துவ அறிக்கையில் எழுதப்படாமல் போவதும் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான்.

ஒரு சகோதரியின் கதை

எல்கடுவைப் பக்கத்தில் இருக்கும் ஒரு சகோதரி, தன் பெயரைப் போடாமல் எழுதச் சம்மதித்தார். 1977 கலவரத்துக்குப் பின் அவருடைய தாய் தகப்பன் மாத்தளையை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் பிறந்தது கிளிநொச்சியில். 2009 ஏப்ரலில் ஷெல் துண்டு வலது மணிக்கட்டுக்கு மேலே பாய்ந்தது. முகாமை விட்டு வெளியே வந்தபோது தகப்பனும் இல்லை, வீடும் இல்லை. பெரியம்மாவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார்.

தோட்டத்தில் பேர் பதிந்தார். கொழுந்து கிள்ளுவது பெருவிரலும் சுட்டுவிரலும் செய்கிற வேலை. அவருக்கு அந்த இரண்டு விரல்களிலும் உணர்வு குறைவு. மணிக்கட்டும் மேலே எழும்பாது. இடது கையால் பறித்தார். நிறை வராத நாளெல்லாம் அரைப்பேர்தான். பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தார். மருத்துவ அறிக்கையில் இருந்தது மூன்று விடயங்கள்: வலது கை உண்டு, ஐந்து விரல்களும் உண்டு, எலும்பு பொருந்தியுள்ளது. மூன்றும் உண்மை. விண்ணப்பம் ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டது. கடிதமும் சிங்களத்தில் வந்தது.

"இருக்கிற கைக்குக் காசு இல்லையாம் அக்கா. வெட்டி எறிஞ்சிட்டு வந்தா குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் ஒன்று உண்டு. கையின் இழப்பை அளக்கலாம். அளந்து எழுதினால் அது காகிதத்தில் நிற்கும். எழுதாவிட்டால் இல்லை என்றே ஆகிவிடும்.

எக்ஸ்ரேயில் தெரியாதவை

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். உள்ளே தங்கிய இரும்புத் துண்டையும் காட்டும். நரம்பு அறுந்ததை அது காட்டாது.

கைக்கு மூன்று பெரிய நரம்புகள் வருகின்றன. உங்கள் கிளினிக் கொப்பியில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரேடியல் நரம்பு மேற்கையின் பின்புறம் சுற்றி வருவது. அது கெட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும், கையைத் தூக்கி நிறுத்த முடியாது. மீடியன் நரம்பு மணிக்கட்டின் நடுவால் போவது. அது கெட்டால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் உணர்வு போகும், ஊசியைப் பிடிக்க முடியாது. அல்னார் நரம்பு முழங்கையின் உட்புறத்தால் வருவது. இடித்துக்கொண்டால் மின்சாரம் அடித்ததுபோல் இருக்குமே, அந்த இடம். அது கெட்டால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் மடங்கிவிடும், பிடியின் பலம் போய்விடும்.

மணிக்கட்டின் அசைவைப் பாகையில் அளக்கலாம். நல்ல மணிக்கட்டு புறங்கைப் பக்கம் ஏறக்குறைய 70 பாகையும், உள்ளங்கைப் பக்கம் ஏறக்குறைய 80 பாகையும் மடங்கும். இதற்கு ஒரு சிறிய கோணமானி போதும். பிடியின் பலத்தை அளக்கவும் ஒரு கருவி உண்டு. நரம்பில் மின்னோட்டம் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு. "அசைகிறது" என்ற ஒரு சொல்லுக்கும் "70 பாகை மடங்க வேண்டியது 10 பாகைதான் மடங்குகிறது" என்ற வரிக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பலருடைய விண்ணப்பம் நிற்கிறது அல்லது விழுகிறது.

மற்ற நாடுகளில் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

காயப்பட்ட படைவீரருக்கு நட்டஈடு கொடுக்கும் நாடுகள் இதைப் பல வருடங்களாக யோசித்திருக்கின்றன. அவர்களுடைய சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகள் எங்களுக்கும் உதவும்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. மணிக்கட்டு புறங்கைப் பக்கம் 15 பாகைக்கும் குறைவாக மடங்கினால் 10 வீத அங்கவீனம். மணிக்கட்டு முற்றாக இறுகிவிட்டால், எந்த நிலையில் இறுகியது, எந்தக் கை என்பதைப் பொறுத்து 20 முதல் 50 வீதம் வரை. மீடியன் நரம்பு முற்றாகச் செயலிழந்தால், அது பழக்கமான கை என்றால் 70 வீதம், மற்றக் கை என்றால் 60 வீதம். அதாவது, கை துண்டிக்கப்படாமலே, அசையாத கைக்கு 70 வீதம் எழுத அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அங்கே வலியும் கணக்கில் வரும். 1995ஆம் ஆண்டு டெலூக்கா என்பவரின் வழக்கில், அசைவைப் பாகையில் அளந்தால் மட்டும் போதாது, வலியாலும் பாவிக்கும்போது வரும் களைப்பாலும் எவ்வளவு வேலை தடைப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆதாரம் இரு பக்கமும் சமமாக நின்றால், நன்மை விண்ணப்பித்தவருக்கே என்பதும் அங்கே சட்டம். 2019 பெப்ரவரி முதல், முடிவில் திருப்தி இல்லாதவர் ஒரு வருடத்துக்குள் புதிய ஆதாரம் கொடுக்கலாம், மூத்த அதிகாரி ஒருவரைக் கொண்டு மீளப் பார்க்கச் சொல்லலாம், அல்லது மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம்.

இந்தியாவில் படைவீரர் இப்படியான வழக்குகளைக் கொண்டுபோக, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. 2013இல் தரம்வீர் சிங் என்ற படைவீரரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியமானது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய், கைக் காயம் அல்ல. ஆனாலும் கொள்கை ஒன்றுதான்: மருத்துவச் சபை காரணம் எழுதாமல் "சேவையால் வந்ததல்ல" என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காரணம் எழுத வேண்டும்.

எங்கள் நாட்டிலும் படைவீரருக்கு எல்லாம் இலகுவாகக் கிடைத்துவிடவில்லை. அவர்களுடைய நலனுக்கென்று 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை உருவானது. ஆனாலும் 12 வருட சேவை முடியுமுன் காயத்தால் விலகியவர்கள், ஓய்வூதியம் கேட்டு 2016 நவம்பரில் கொழும்பில் வீதிக்கு வந்தார்கள். ஊன்றுகோலோடு நின்றவர்கள்மீது நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் அடிக்கப்பட்டன. அரசாங்கத்தின் சீருடையில் காயப்பட்டவருக்கே இந்த நிலை என்றால், எங்கள் சகோதரிகள் ஆதாரத்தை எவ்வளவு கவனமாகச் சேர்க்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

யார், எப்படிக் காயப்பட்டார் என்பதைப் பொறுத்து இடம் மாறும்.

யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுக்கான அலுவலகம் இருக்கிறது. இது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வடக்கு கிழக்கில் நடந்த ஆயுத மோதலாலோ அதன் பின்விளைவாலோ உடம்புக்கு ஏற்பட்ட பாதிப்பும், அரசியல் குழப்பங்களாலும் கலவரங்களாலும் வந்த பாதிப்பும் அந்தச் சட்டத்தில் அடங்கும். வன்னியில் காயப்பட்டு இன்று மாத்தளையில் வாழ்பவர், "நீங்கள் இந்த மாவட்டம் இல்லையே" என்ற பேச்சுக்குப் பின்வாங்கத் தேவையில்லை.

மாதாந்த உதவிப்பணம் வேறு விடயம். அதற்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அங்கே போகும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வாழ்க்கைத் தேவைகளைத் தானாகவே "முழுமையாகவோ பகுதியாகவோ" நிறைவேற்ற முடியாதவரையும் அங்கவீனமுள்ளவர் என்றே சொல்கிறது. "பகுதியாக" என்ற சொல் கை கெட்டவர்களுக்குப் பெரிய துணை.

தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும்போது கை நசுங்கினால், வெட்டுப்பட்டால், அது வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும். 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சட்டம் அது. கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொல்வதோடு விடாதீர்கள். நடந்த நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். யுத்தத்தில் கெட்ட கையிலேயே வேலைத்தலத்திலும் அடிபட்டால், பழைய காயம் எது, புதிய காயம் எது என்று வைத்தியர் பிரித்து எழுத வேண்டும்.

வைத்தியரிடம் போகுமுன்

கிளினிக்கில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் "வலிக்குது டொக்டர்" என்று மட்டும் சொல்லி வந்தால், கொப்பியில் அந்த ஒரு சொல்தான் இருக்கும். ஆகவே முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள்.

பழக்கமான கை எது? வலது கைக்காரியா, இடது கைக்காரியா? இது மருத்துவ அறிக்கையின் முதல் வரியில் வர வேண்டிய விடயம்.

எந்த வேலை முடியாது? தேங்காய் துருவ, ரொட்டி மா பிசைய, துணி பிழிய, மகளின் தலை பின்ன, பித்தான் போட, தீக்குச்சி உரச, மிளகு உருவ, தண்ணீர்க் குடம் தூக்க. முடியாததை முடியாது என்றும், வலியோடு முடிவதை வலியோடு என்றும், முடிவதை முடியும் என்றும் எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒரு பொய் இருந்தால் மற்ற ஒன்பது உண்மையும் கெட்டுவிடும்.

எவ்வளவு நேரம்? முதல் பத்து நிமிடம் பிடித்த கை அரை மணித்தியாலத்தில் விட்டுவிடுகிறதா? இரவில் விறைப்பு வந்து எழும்புகிறீர்களா? சூடான பாத்திரத்தைத் தொட்டது தெரியாமல் சுட்டுக்கொண்டது உண்டா?

பிறகு வைத்தியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "டொக்டர், இரண்டு கையையும் அளந்து, பாகையையும் பிடியின் பலத்தையும் எழுதித் தர முடியுமா?" என்புமுறிவு நிபுணருக்கோ, இயன்மருத்துவப் பிரிவுக்கோ, நரம்புப் பரிசோதனைக்கோ அனுப்ப வேண்டுமானால் அவரே கடிதம் தருவார்.

பழைய காகிதம் இல்லையே என்று பலர் சோர்ந்து போகிறார்கள். 2009இல் புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவின் வைத்தியசாலை இயங்கியது, பின்பு அது செட்டிகுளத்துக்குப் போனது. எந்த வைத்தியசாலையில், எந்த மாதத்தில், எந்த வார்ட்டில் இருந்தீர்கள் என்பதை நினைவுபடுத்தி எழுதுங்கள். அரசாங்க வைத்தியசாலை என்றால் பதிவேட்டில் தேடித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால், அன்று கூட இருந்த இருவரின் சத்தியக்கடதாசியும், இரும்புத் துண்டையோ பழைய முறிவையோ காட்டும் இன்றைய எக்ஸ்ரேயும் சேர்ந்து பேசும்.

இல்லை என்று சொன்னால்

முதலில், வாயால் சொன்ன "இல்லை"யை ஏற்று வீட்டுக்கு வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். தமிழில் கேளுங்கள். மாத்தளை போல் சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும், அரச உத்தியோகத்தரோடு தமிழில் எழுதிப் பேசவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. விளங்காத கடிதத்துக்கு மேன்முறையீடு எழுத யாராலும் முடியாது.

இரண்டாவது, காரணத்தைக் கேளுங்கள். இதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் கோப்பின் பிரதி, மருத்துவ அறிக்கை, எந்தச் சுற்றறிக்கையின்படி நிராகரித்தார்கள் என்ற விபரம், மூன்றையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் சரிவராவிட்டால், 2 மாதத்துக்குள் தகவல் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கை கெட்ட சகோதரிகளுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு நல்ல இடம் உண்டு. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது தகவல் உத்தியோகத்தரின் கடமை. "எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்ப முடியாது.

நான் சொன்ன எல்கடுவைச் சகோதரி இப்படித்தான் செய்தார். வாயால் கேட்டார், உத்தியோகத்தர் எழுதினார். கோப்பு கைக்கு வந்தபோதுதான் பார்த்தோம், மணிக்கட்டை யாரும் அளக்கவே இல்லை. எந்தக் கைப் பழக்கம் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அரசாங்க வைத்தியசாலையில் புதிதாக அளந்து, நரம்புப் பரிசோதனை முடிவையும் சேர்த்து, பதிவுத் தபாலில் மேன்முறையீடு அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்திருக்கிறது. முடிவு இன்னும் இல்லை. ஆனால் இந்த முறை அவருடைய கோப்பில் எண்கள் இருக்கின்றன.

மூன்றாவது, நாட்களை எண்ணுங்கள். அரச அலுவலகம் உங்களைப் பாரபட்சமாக நடத்தியது என்றால், அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். கடிதம் வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். அதில் உள்ள தபால் முத்திரைதான் உங்கள் ஒரு மாதம் எந்த நாளில் தொடங்கியது என்பதற்குச் சாட்சி.

ஒரு சின்ன விடயத்தையும் மறக்காதீர்கள். வலது கை கெட்டபின் இடது கையால் கையொப்பம் இடுபவர்கள், வங்கியிலும் அலுவலகத்திலும் புதிய கையொப்பத்தைப் பதிந்து வையுங்கள். பணம் வரும் நாளில் "கையொப்பம் பொருந்தவில்லை" என்று திரும்பி வரவேண்டாம்.

சகோதரிகளே, கை நோவோடு வாழ்ந்து பழகிவிட்ட நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். மற்றக் கையால் சமாளிக்கிறோம், பல்லால் முடிச்சு அவிழ்க்கிறோம், பிள்ளையைக் கூப்பிட்டுப் போத்தல் மூடி திறக்கிறோம். இந்தச் சமாளிப்பு பார்ப்பவர் கண்ணுக்குச் சுகமாகத் தெரிகிறது. ஆகவே இன்று இரவு வேலை முடிந்தபின் ஒரு கொப்பியை எடுங்கள். காலையில் எழுந்தது முதல் அந்தக் கை செய்யாமல் விட்ட வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஏழு நாள் எழுதுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

எழுதுவதில் உதவி வேண்டுமானால் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் போடுங்கள். உங்கள் கூட்ட நாளையும் குறிப்பிடுங்கள். கொப்பியோடு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.